கடைசி வரைக்கும் கேட்டவங்க

பெரிய மிஸ்ஸுக்குப் பயமில்லாத பொருள்னு ஒண்ணு இந்தப் புதுக்கோட்டை ஜில்லாவுல இருந்துச்சான்னு கேட்டா, நான் கொஞ்சம் யோசிச்சுத்தான் சொல்லணும். நாய்க்குப் பயம். மின்னலுக்குப் பயம். மத்தியானத்துக்கு மேல இருக்கிற சோத்துக்குப் பயம். பஸ்ஸுல டிரைவருக்குப் பின் சீட்டுக்கும் பயம், கடைசி சீட்டுக்கும் பயம். நடுவுல, ஜன்னல் ஓரம் இல்லாத ஒரு சீட்டுதான் அவங்களுக்குப் பத்திரம். அதுல யாராச்சும் உக்காந்திருந்தா அடுத்த பஸ் வரட்டும்னு நிப்பாங்க, கூட நானும் நிக்கணும். புதுக்கோட்டையில திருச்சி பஸ் ஏறி, கீரனூர்ல எறங்கி, டவுன் பஸ் மாறி, தினம் ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்துக்குத்தான் போய்க்கிட்டு இருந்தோம். அந்த நிக்கிற நேரத்துல எனக்கு வர்ற எரிச்சலை இங்க எழுதுனா நல்லா இருக்காது.

பெரிய மிஸ், சின்ன மிஸ்ங்கிறது புள்ளைக வச்ச பேரு. ரெண்டு பேருக்குமே இங்கிலீஷ் பாடம். ஆளைப் பாத்தா நான்தான் பெரிசு. அவங்க நாலே முக்கால் அடி, காத்தடிச்சா முந்தானைய விட்டுட்டுக் கைப்பையத்தான் புடிச்சுக்குவாங்க. அந்தப் பைக்குள்ள ஒரு டார்ச்சு, ரெண்டு செட்டு சாவி, ஆதார் ஜெராக்ஸ் மூணு, காய்ச்சல் மாத்திரை, ஊக்கு, ஒரு பாக்கெட்டு குளுக்கோஸ். அவங்களுக்கு ரிட்டையர் ஆக நாலு வருஷம் பாக்கி. நான் வேலைக்குச் சேந்து ஒரு வருஷம்கூட முழுசா ஆகல.

"எதுக்கும்"ங்கிறதுதான் அவங்க வார்த்தை. எதுக்கும் ஒரு தடவ பாத்துருவோம்மா. எதுக்கும் ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்க. எதுக்கும் கதவ இழுத்துப் பாத்துட்டு வாரேன். பூட்டின அலமாரிய மூணு தடவ இழுத்துப் பாப்பாங்க. விடைத்தாள்ல மார்க்கு கூட்டுனா மேலேருந்து கீழ ஒரு தடவ, கீழேருந்து மேல ஒரு தடவ. ஸ்டாஃப் ரூம்ல அவங்களுக்கு 'எதுக்கும் அக்கா'ன்னு இன்னொரு பேரும் இருந்துச்சு. வச்சது நான்தான்.

ஒரு நாள் மத்தியானம் அவங்க டிபன் டப்பாவைத் தொறந்து ரெண்டு வாய் சாப்பிட்டிருப்பாங்க. மேலிடத்துலேருந்து திடீர் ஆய்வுக்கு ஆள் வந்திருக்குன்னு சும்மா ஒரு பேச்சுக்கு அவுத்து விட்டேன். அவங்க டப்பாவை மூடிட்டு எந்திரிச்சாங்க. கை நடுங்குச்சு. பொய்யின்னு சொன்ன பெறகும் அந்த நடுக்கம் நிக்கல, சாயங்காலம் வரைக்கும் போர்டுல எழுத முடியல. புள்ளைகளை வாசிக்கச் சொல்லிட்டு நாக்காலியில உக்காந்துட்டாங்க. நான் அன்னைக்கு மன்னிப்புக் கேக்கல. ஏன் இப்படிப் பயந்து சாகுறீங்கன்னு கேட்டுட்டுச் சிரிச்சேன்.

கொரோனா முடிஞ்சும் முடியாம பள்ளிக்கூடம் தொறந்தாங்கல்ல, அப்ப பத்தாம் வகுப்பை ரெண்டாப் பிரிச்சோம். ஒரு வாரம் பாதிப் புள்ளைக வகுப்புக்கு, மீதி வீட்டுல, அதுக்கு வீட்டு அணின்னு பேரு. அடுத்த வாரம் மாத்தி. வீட்டுல இருக்கிறதுகளுக்கு வாட்ஸ்அப் குரூப்புல பாடம். ஒரு வாரம் அவங்க, ஒரு வாரம் நான்னு பாடத்தைப் பேசிப் போட்டு விடுவோம். புள்ளைக, வீட்டுக்குப் போன் எப்ப வருதோ அப்பக் கேட்டுட்டு, பத்து வரி வாசிச்சு, குரலைப் பதிவு பண்ணி அதே குரூப்புல போடணும். இத்தனை மணின்னு கெடு கிடையாது. போனு அப்பனோட வேலைக்குப் போயிருக்கும், அண்ணனோட செங்கச் சூளைக்குப் போயிருக்கும். ஆறு மணிக்கு ஒரு குரல் வரும், விடியக்காலம் ஒரு குரல் வரும்.

வாசிச்சு முடிச்சதும் சொந்தமா மூணு வாக்கியம் இங்கிலீஷ்ல சொல்லணும்னு ஒரு சட்டம் போட்டவங்க பெரிய மிஸ். தப்பு இருந்தா இருக்கட்டும், ஆனா சொந்தமா இருக்கணும். புள்ளைக சொல்லுங்க: இன்னைக்கு எங்க ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு. இன்னைக்குக் கரண்டு இல்ல. எங்க அண்ணனுக்கும் எனக்கும் சண்டை. ஒரு புள்ளை நாலு நாளும் இன்னைக்குச் சோறு சாப்பிட்டேன்னே சொல்லிட்டு இருந்துச்சு.

போட்ட ஒவ்வொரு புள்ளைக்கும் அன்னைக்கே பதில் போகணும்னு ஹெட்மாஸ்டர் உத்தரவு. எத்தனை வந்துச்சு, எத்தனைக்குப் பதில் போச்சுன்னு ரிஜிஸ்டர்ல எழுதணும். முப்பது குரலு, ஒவ்வொண்ணும் மூணு நிமிஷம். நாம எல்லாம் என்ன செய்வோம்? முதல் அஞ்சு நொடி கேப்பேன், புள்ளை குரல்தானான்னு பாத்துக்குவேன், வெரிகுட் கீப் இட் அப்புன்னு முன்னாடியே டைப் பண்ணி வச்சிருக்கிறதை எடுத்துப் போட்டு ஒரு கட்டைவிரலையும் ஒட்டி விடுவேன். பத்து நிமிஷத்துல முப்பதும் முடிஞ்சிரும். எல்லா டீச்சரும் அப்படித்தான் செஞ்சாங்கன்னு சொன்னா அது சமாதானம். நான் அப்படிச் செஞ்சேன், அவ்வளவுதான்.

பெரிய மிஸ் முழுசாக் கேப்பாங்க. அவங்க வாரத்துப் புள்ளைகளை அன்னைக்குச் சாயங்காலமே கேட்டுருவாங்க. என் வாரத்துப் புள்ளைகளையும், நான் வெரிகுட் போட்டு முடிச்சதுகளையும், மறுநாள் காலையில பஸ்ஸுல ஒரு காதுல ஒயரை மாட்டிக்கிட்டுக் கேப்பாங்க. இன்னொரு காது பஸ் சத்தத்துக்கு, எதுக்கும். மடியில ஒரு நாப்பது பக்க நோட்டு. அதுல புள்ளை பேரு, உச்சரிப்புத் தப்பு, அதுக்குப் பக்கத்துல பின்னாடி கேட்ட சத்தம். 'அப்பா இருமுறார், நாலு நாளா.' 'தண்ணிக் குழாய் திறந்தே இருக்கு.' 'தம்பி அழுகை.' 'ஆடு கத்துது.' ஆட்டுக்கும் மார்க்குப் போடுவீங்களாக்கான்னு கேட்டேன் ஒருக்க.

"இல்லம்மா, நடுவுல எதாச்சும் இருந்துட்டா? நீங்க கேக்கலயான்னு நாளைக்கு யாராச்சும் கேட்டுட்டா என்ன சொல்றது?" அப்படின்னாங்க. கருணை, கடமை, அது இதுன்னு ஒண்ணும் பேசல. பயம்தான். நான் வேலை மெனக்கெட்ட வேலைன்னு நெனச்சுக்கிட்டேன்.

ஒரு செவ்வாக்கிழமை. நார்த்தாமலை தாண்டியிருப்போம். நான் கண்ண மூடிக்கிட்டு இருந்தேன். திடீர்னு என் முழங்கைக்கு மேல அவங்க நகம் பதியுது. ஒயரைக் கழட்டி என் காதுல வச்சாங்க. பத்தாம் வகுப்புப் புள்ளை ஒருத்தி, உள்ள தள்ளி ஒரு சின்ன ஊரு, நல்லா படிக்கிறவ. முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்ட குரல். பாடத்தை நிறுத்தி நிதானமா வாசிச்சிருக்கா. அப்புறம் மூணு வாக்கியம், அதே ராகத்துல, ஒரு ஏத்த இறக்கம் இல்லாம. மேரேஜ்ங்கிற சொல்லே அதுல இல்ல, அந்தச் சொல்லு எல்லாருக்கும் தெரியும்ல. அவ இங்கிலீஷ்ல சொன்னது இதுதான்: நாளன்னைக்குக் காலையில என்னை இப்ப என் பக்கத்துல உக்காந்திருக்கிற ஆளுக்குக் குடுக்கப் போறாங்க. எனக்கு வேண்டாம். அதுக்கு முந்தி வாங்க மிஸ்.

அதுக்குப் பின்னாடி ஒரு ஆம்பளைக் குரல், முடிஞ்சுச்சா, போனைக் கொண்டான்னு.

அதுக்குக் கீழ என் பதில் இருந்துச்சு. வெரிகுட், கீப் இட் அப். ஒரு கட்டைவிரல்.

முப்பது வீட்டுப் போனுல விழுந்த குரலு அது. ஒரு வீட்டுலயும் யாரும் கடைசி வரைக்கும் கேக்கல. முதல்ல வந்த நெனப்பு அந்தப் புள்ளையப் பத்தி இல்ல, அதைச் சொல்லிர்றேன். என் வேலையப் பத்தித்தான் வந்துச்சு. என் போனை எடுத்து அந்த வெரிகுட்டை அழிச்சேன். அவங்க வேணாம் வேணாம்னு கைய நீட்டுறதுக்குள்ள அழிச்சுட்டேன். அழிச்சா அழிச்சதுன்னு எல்லாப் போனுலயும் காட்டும்ங்கிறது அப்புறந்தான் மண்டையில ஏறுச்சு.

ரெண்டு நிமிஷம் இருக்கும். என் போனு அடிச்சது. அந்தப் புள்ளை நம்பரு. அந்த வீட்டுல போன் அவ தாய்மாமன்கிட்ட மட்டும்தான், ஜே.சி.பி. ஓட்டுறவரு, முப்பது வயசு இருக்கும், பதிவுல போனைக் கேட்ட குரலு அவருதுதான். அப்பா திருப்பூர்ல. ரெண்டு தடவ அவருக்கு நான் போன் பண்ணியிருக்கேன், புள்ளைக்குப் போன் குடுங்கன்னு கெஞ்சி. இப்ப அவரே கூப்பிடுறாரு. என்னால எடுக்க முடியல. கண்டக்டர் திரும்பிப் பாக்குறாரு, எடுங்க டீச்சர்னு.

ஹெட்மாஸ்டர் கூப்பிட்டாலே தண்ணி குடிச்சுட்டுப் பேசுற பெரிய மிஸ், என் மடியிலேருந்து போனை எடுத்துக் காதுல வச்சாங்க. போனு கம்மல்ல கிடுகிடுன்னு இடிச்சுச்சு. அவரு, நேத்துப் போட்ட வெரிகுட்டை இன்னைக்கு எதுக்கு அழிச்சீங்கன்னு கேக்குறாரு, எனக்கே கேக்குது.

"தம்பி, அது வேற புள்ளைக்குப் போட வேண்டியது, மாத்திப் போட்டுட்டாங்க. தம்பி, கோவிச்சுக்காதீங்க, நானே ஒங்களுக்குப் பண்ணணும்னு இருந்தேன். பாப்பாவோட பரீட்சைப் பாரத்துல வீட்டாளு கையெழுத்து இல்லாம இருக்கு. இன்னைக்குள்ள வாங்கலேன்னா என் வேலைக்கே ஒலை வச்சிருவாங்க தம்பி. எனக்கு ரிட்டையர்மெண்டு வருது. பாப்பாவையும் கூட்டிக்கிட்டு ஒரு நடை வந்துட்டுப் போயிருங்க."

அழுகை வந்துருச்சு அவங்களுக்கு, நெசமாவே. பயந்த குரலு பொய் சொல்லும்னு யாரு நெனப்பா? அந்தாளு, அழுகாதீங்க டீச்சர், பதினோரு மணிக்குக் கூட்டியாறேன், சீக்கிரம் விட்டுரணும், வீட்டுல வேலை கெடக்குன்னாரு. கல்யாணம்னு சொல்லல. அவங்க போனை என் கையில குடுத்துட்டு, கீரனூர் பஸ் ஸ்டாண்டுல எறங்கின ஒடனே சுவரோரம் குனிஞ்சு வாந்தி எடுத்தாங்க. நான் தலையைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். வாயக் கொப்புளிச்சுட்டு, பையிலேருந்து குளுக்கோஸை எடுத்து எனக்கும் கொஞ்சம் கையில கொட்டுனாங்க.

ஹெட்மாஸ்டர்கிட்டச் சொன்னப்ப அவரு மூக்குக்கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு ரொம்ப நேரம் தொடைச்சாரு. ஊர் வம்பு நமக்கெதுக்கு டீச்சர், நாளைக்கு அந்த ஊர்ப் புள்ளைக ஒண்ணும் பள்ளிக்கூடத்துக்கு வராது, தகவல் மட்டும் சொல்லிட்டு ஒதுங்கிக்குங்கன்னாரு. பெரிய மிஸ் சரிங்க சார் சரிங்க சார்னு தலையாட்டிக்கிட்டே அவர் மேசையில இருந்த போன்லேருந்தே புள்ளைகளுக்கான உதவி எண்ணைக் கூப்பிட்டுட்டாங்க. அதிகாரிக வேற ஒன்றியத்துல ஒரு வேலையா இருக்காங்களாம், வர மத்தியானம் ரெண்டு மணி ஆகும், அதுவரைக்கும் புள்ளைய எப்படியாச்சும் வெளிய விடாம வச்சிருங்கன்னாங்க. புள்ளை வீட்டுக்குத் திரும்பிட்டா அங்கிட்டு எங்கிட்டாச்சும் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய் இன்னைக்கே தாலியக் கட்டிருவாங்கன்னும் சொன்னாங்க. பதினோரு மணிக்கும் ரெண்டு மணிக்கும் நடுவுல மூணு மணி நேரம் இருக்கு. ஒரு கையெழுத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

பதினொண்ணேகாலுக்கு பைக்குல வந்தாங்க. அவரு ஓட்ட, நடுவுல புள்ளை, பின்னாடி அவ அம்மா. புள்ளை எங்களைப் பாக்கவே இல்ல. நான் வாசல்லயே நின்னுட்டேன். அந்தாளு சட்டை மடிப்பு, வாட்ச்சு, பைக்குச் சாவிய வெரல்ல சுத்துற சுத்து, இதையேதான் பாத்துக்கிட்டு நின்னேன்.

பெரிய மிஸ் புள்ளைய உள் ரூம்புக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு இங்கிலீஷ் பரீட்சை எழுத உக்கார வச்சுட்டு வந்தாங்க. அதுக்கும் ஒரு பொய், வீட்டு அணிக்கு மார்க்கு பாக்கியாம். மாமனுக்கு நாக்காலி போட்டாங்க. அம்மாவுக்கும் ஒண்ணு. அப்புறம் பாரத்தை எடுத்தாங்க. எங்களுக்கெல்லாம் எரிச்சல் வர வச்ச அந்த வேலையை ஆரம்பிச்சாங்க. புள்ளை பேரை எழுதச் சொன்னாங்க. சாதிச் சான்றிதழ்ல ஒரு எழுத்து மாறியிருக்கே தம்பின்னாங்க. வேற பாரம் எடுத்தாங்க. ரேஷன் கார்டுல அப்பா பேரு எப்படின்னு அம்மாவைக் கேட்டாங்க. எதுக்கும் ஜெராக்ஸ் எடுத்துட்டு வாம்மான்னு என்னை அனுப்புனாங்க, ஜெராக்ஸ் சரியா விழலன்னு மறுபடி அனுப்புனாங்க. அவருக்குப் பொறுமை போகப் போக, இவங்க இன்னும் பயந்து, இன்னும் மெதுவா, ஒவ்வொரு கட்டத்தையும் வெரலை வச்சுப் படிச்சாங்க. நடிப்பு இல்ல அது. நெத்தி வேர்வை பாரத்துல சொட்டிருச்சு, அதையும் சாக்கா வச்சு இன்னொரு பாரம் எடுத்தாங்க.

பொறந்த தேதியையும் இன்னைக்கு வயசையும் எழுதுற எடத்துல, காப்பாளர் கைப்பட எழுதி கையெழுத்துப் போடணும்னாங்க. அப்படி ஒரு விதியே கிடையாது. அவரு தன் அக்காவை, அதான் புள்ளையோட அம்மாவை, கேட்டுக் கேட்டுப் பொறந்த தேதிய எழுதி, பக்கத்துல பதினஞ்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாரு. எதுக்கும் எழுத்தாலயும் எழுதிருங்க தம்பின்னாங்க. பதினைந்து வயதுன்னு எழுதுனாரு.

ஒண்ணரை மணிக்கு அவரு எந்திரிச்சுட்டாரு. போதும் டீச்சர், எழுதுனா எழுதட்டும் எழுதாட்டிப் போகட்டும், புள்ளையக் கூப்பிடுங்கன்னாரு. பெரிய மிஸ் உள் ரூம்பு வாசல்ல போய் நின்னாங்க. அவரு ஒரு அடி வச்சாரு. இவங்க நகரல. நகர முடியலன்னுதான் சொல்லணும், கதவு நிலையை ரெண்டு கையாலயும் புடிச்சிருந்தாங்க, விட்டா விழுந்துருவாங்கன்னு தோணுச்சு. பாதிப் பரீட்சை தம்பி, இன்னும் ஒரே கேள்விதான்னு சொல்றாங்க. அந்தாளு கண்ணு அப்பத்தான் முதல் தடவையாச் சுருங்குச்சு. பாரத்தைத் திரும்பிப் பாத்தாரு, இவங்களைப் பாத்தாரு. நான் ஜெராக்ஸைக் கையில வச்சுக்கிட்டு வராண்டாவுல நிக்குறேன். உள்ள போய் அவங்க பக்கத்துல நின்னிருக்கணும். நிக்கல.

ரெண்டு மணி ஆகுறதுக்கு முந்தியே கார் வந்துருச்சு. சமூக நலத்துறை அம்மா ஒருத்தங்க, கூட ரெண்டு பெண் போலீஸு. அவரு ஒடனே சுதாரிச்சுட்டாரு. அதெல்லாம் பதினெட்டு முடிஞ்சிருச்சும்மா, கவர்மெண்டு ஏட்டுல தப்பா ஏறியிருக்கு, கேட்டுப் பாருங்கன்னு அக்காவைப் பாத்தாரு. புள்ளையோட அம்மாவும் ஆமான்னு தலையாட்டுச்சு. பெரிய மிஸ் ஒண்ணும் பேசாம, இன்னும் மை காயாத பாரத்தை எடுத்து அந்த அதிகாரி கையில குடுத்தாங்க. எண்ணாலயும் எழுத்தாலயும் அவரு கையெழுத்து.

கல்யாணம் நின்னுச்சு. புள்ளையக் கொஞ்ச நாள் காப்பகத்துல வச்சு, அப்பாவைத் திருப்பூர்லேருந்து வரவழைச்சு, பதினெட்டு முடியாமக் கல்யாணம் பண்ண மாட்டோம்னு எழுதி வாங்கிட்டு அனுப்புனாங்க. அது நல்லபடியா முடிஞ்ச கதை. ஆனா அந்தாளு அன்னைக்குப் போறப்ப பெரிய மிஸ் கிட்டக்க வந்து, குரலை ஒசத்தாமச் சொன்னாரு: "நீங்க எந்த பஸ்ஸுல வாரீங்க, எங்க எறங்குறீங்கன்னு எனக்குத் தெரியும் டீச்சர்."

மறுநாள்லேருந்து கீரனூர் பஸ் ஸ்டாண்டுல டீக்கடைக்குப் பக்கத்துல பைக்கை நிறுத்திட்டு நிப்பாரு. ஒண்ணும் சொல்ல மாட்டாரு. சும்மா நிப்பாரு, நாங்க டவுன் பஸ் ஏறுற வரைக்கும். எனக்கு ரெண்டு நாள்ல காய்ச்சல் வந்துருச்சு, லீவு போட்டேன். வேற பஸ்ஸுல போகலாம்க்கா, போலீஸ்ல சொல்லுவோம்க்கான்னு போன்ல அவங்ககிட்டச் சொன்னேன். போலீஸ்ல சொல்லிட்டாங்க. பஸ்ஸ மட்டும் மாத்தல. அந்த பஸ்ஸ விட்டா முதல் பீரியடுக்கு நேரம் ஆயிரும், ஆஜர் ரிஜிஸ்டர்ல லேட்டுன்னு கோடு விழும், அதுக்கும் பயம் அவங்களுக்கு. அந்தாளை நெனச்சு ஒரு பயம், ஹெட்மாஸ்டரை நெனச்சு ஒரு பயம், ரெண்டுக்கும் நடுவுல அதே சீட்டுல உக்காந்து வந்தாங்க. இருபது நாளைக்குப் பெறகு அவரு நிக்கல. வேலைக்கு வெளியூர் போயிட்டாருன்னாங்க. அந்த இருபது நாள்ல அவங்க அஞ்சு கிலோ எளைச்சுட்டாங்க.

அதோட விடல. மேலேருந்து ஒரு கடிதாசி வந்துச்சு. மாணவி திங்கட்கிழமை மாலையே பதிவில் தெரிவித்திருக்க, மறுநாள் வரை கவனிக்கப்படாதது ஏன், விளக்கம் தரவும்னு. அது எனக்கு வரவேண்டிய கடிதாசி. என் வாரம், என் பதில், நான் அழிச்சது. பெரிய மிஸ் சர்வீஸ்லயே ஒரு மெமோ வாங்கினதில்ல, மெமோன்னு சொன்னாலே காதைப் பொத்துவாங்க. அவங்க உக்காந்து ஒரு பக்கம் எழுதுனாங்க. வீட்டு அணியின் பதிவுகளைக் கேட்பது என் பொறுப்பு, அன்று மாலை கேட்கத் தவறியது நான், சக ஆசிரியை அனுப்பிய பதில் என் சொற்படி அனுப்பியதுன்னு.

நான் படிச்சுட்டு, ஏன்க்கா இப்படின்னு கேட்டேன். நீ இன்னும் ப்ரொபேஷன் முடிக்கலயேம்மான்னாங்க. கையெழுத்துப் போட்டுட்டு, எழுத்துப் பிழை இருக்கான்னு எதுக்கும் ஒரு தடவ பாத்துக் குடுன்னு என்கிட்டயே நீட்டுனாங்க. நான் பாத்தேன். பிழை இல்ல. அந்தக் காயிதத்தை அப்பவே கிழிச்சுப் போட்டுட்டு நான் உண்மைய எழுதியிருக்கலாம். எழுதல. அவங்களுக்கு ஒரு வருஷ இன்கிரிமெண்டு நின்னுச்சு. அப்புறம் திருவரங்குளம் பக்கம் மாத்தல் ஆகி, அங்கயே ரிட்டையரும் ஆயிட்டாங்க. தீபாவளி, பொங்கலுக்கு நான் போன் பண்ணுவேன். கேஸை அணைச்சியா, கதவைப் பூட்டுனியான்னு கேப்பாங்க.

இப்பப் புள்ளைக எல்லாம் முழு நேரமும் வகுப்புலதான். ஆனாலும் அந்த வாசிக்கிற வழக்கத்தை நாங்க விடல, லீவு நாள்ல குரல் போடச் சொல்லுவோம். நான் முழுசாத்தான் கேக்குறேன். அதுல பெருமை ஒண்ணும் இல்ல. ஒவ்வொரு குரலும் முடியப் போறப்ப எனக்கு நெஞ்சு அடிச்சுக்கும்.

போன வருஷம் அந்தப் புள்ளை பள்ளிக்கூடத்துக்கு வந்துச்சு, ஏதோ ஒரு சான்றிதழுக்கு. காலேஜு ரெண்டாம் வருஷம், இங்கிலீஷ் இலக்கியம். ஆளே மாறிப்போயிருந்தா. ஸ்டாஃப் ரூம்ல உக்கார வச்சு, டீ வாங்கிக் குடுத்து, அன்னைக்கு அந்தப் பதிலைப் போட்டது நான்தான், கேக்காமலே போட்டேன், என்னை மன்னிச்சிரும்மான்னு சொன்னேன். எத்தனையோ வருஷமா வாய்க்குள்ள வச்சிருந்தது. அவ டீ கிளாஸைக் கீழ வச்சா.

"தெரியும் மிஸ். அன்னைக்குச் சாயங்காலம் மருதாணி வைக்க வந்தாங்க. நான் கையத் தொறக்கவே இல்ல, இறுக்கி மூடிக்கிட்டு ஒக்காந்திருந்தேன். எங்கம்மா அடிச்சுச்சு, அப்பவும் தொறக்கல. மிஸ் கேட்டா வந்துருவாங்கன்னு இருந்தேன். அப்பத்தான் மாமா, ஒங்க மிஸ் வெரிகுட் போட்டிருக்குன்னு காட்டுனாரு. சரி, கேட்டுட்டுத்தான் வெரிகுட்னு போட்டிருக்காங்கன்னு நெனச்சுக்கிட்டேன். கைய நீட்டிட்டேன் மிஸ்."

அன்னைக்கு அவ பைக்கை விட்டு எறங்கினப்ப கை செவந்திருந்திருக்கு. நான் அந்தாளு வாட்ச்சப் பாத்துக்கிட்டு நின்னுருக்கேன். இதைப் பெரிய மிஸ்கிட்டயாச்சும் சொன்னியாம்மான்னு கேட்டேன்.

"அன்னைக்கே உள் ரூம்ல வச்சுச் சொல்லிட்டேன் மிஸ். ஒங்ககிட்ட மட்டும் சொல்லிராதன்னாங்க. பாவம், அவங்க பயந்துருவாங்கன்னு."